முன்கதவைத் திறந்துவைத்த லூர்து அக்கா

அலுவலகத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்தபோது தொலைபேசி வந்தது. ஈப்போ குனோங் ராபாட்டிலிருந்து என் அண்டைவீட்டுப் பார்வதி. "லூர்து அக்கா போயிட்டாங்க. காலையில எழுந்திரிக்கவே இல்ல," என்றார். அதன்பின் அன்று ஒரு வரிகூட ஒழுங்காக அடிக்க முடியவில்லை. உட்கார்ந்தால் எழத் தோன்றியது. எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை. இதை எழுதும்போதும் அப்படித்தான் இருக்கிறது.

லூர்துமேரி அம்மையார் எங்கள் வரிசை வீடுகள் முழுவதற்கும் அக்கா. சிம்பாங் பூலாய் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். தோட்டம் கைமாறியதும் ஈப்போவுக்கு வந்து, ஓட்டல் ஒன்றில் துணி வெளுக்கும் வேலையில் சேர்ந்தார். கணவர் முன்பே காலமாகியிருந்தார். யார் வீட்டில் செபமாலை என்றாலும் அக்காதான் முன்னின்று சொல்வார். யாரையும் அவர் ஒருமையில் அழைத்து நான் கேட்டதில்லை. பூனையைக்கூட "வாங்க" என்பார்.

தோட்டத்தில் ஒருவர் கையெழுத்துக் கேட்டால் மற்றவர் போட்டுவிடுவார். எதற்கென்று கேட்பது மரியாதைக் குறைவு. அந்தப் பழக்கத்தை அக்கா பட்டணத்துக்கும் கொண்டுவந்துவிட்டார். பழைய தோட்டத்துக்காரர் ஒருவர் தவணையில் மோட்டார் சைக்கிள் வாங்கியபோது ஜாமீன் கையெழுத்துப் போட்டார். வண்டியோடு தஞ்சோங் மாலிம் பக்கம் போனவர் போனவர்தான். நிதி நிறுவனம் அக்காவைக் கேட்டது. முணுமுணுக்காமல் கட்டி வந்தார். காய்ச்சலில் படுத்த மாதம் தவணை தவறியது. உடனே கடனை வசூல் நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைத்துவிட்டார்கள்.

வசூலுக்கு வந்தவர்களும் தமிழர்கள். அது எனக்கு இன்றும் ஆறவில்லை. வாசலில் நின்று, வரிசை முழுக்கக் கேட்கும்படி, ஓடிப்போன அந்த மனிதரோடு அக்காவைச் சேர்த்துப் பேசினார்கள். அந்தச் சொற்களை இங்கே எழுதமாட்டேன். வாராவாரம் வந்தார்கள். அக்கா முன்கதவைப் பூட்டினார், சன்னலைச் சாத்தினார். நாங்களெல்லாம் பின்சந்தில் சுற்றி, சமையலறை வழியாகத்தான் போய்வந்தோம்.

"சொந்த வீட்டுக்குத் திருடி மாதிரி பின்னால வாரேன் லா," என்றார் ஒருநாள். "கடன் என்னோடது, கட்டுறேன். இந்தப் பேச்சு என்னோடது இல்ல. இதை நான் ஏன் சுமக்கணும்?"

நான் வேலை பார்க்கும் வழக்கறிஞரிடம் அழைத்துப் போனேன். அவதூறு வழக்குப் போடலாம் என்றார். ஆனால் அசிங்கமாகப் பேசினார்கள் என்று பொதுவாகச் சொன்னால் போதாது. பேசிய சொற்களையே மனுவில் எழுத வேண்டும், நீதிமன்றத்தில் சொல்லவும் வேண்டும். எங்கள் வரிசையில் அதைக் கேட்காத காது இல்லை. சாட்சி என்றதும், "அதையெல்லாம் எப்படி வாயால சொல்றது?" என்று நழுவினார்கள். பேசியவனுக்கு இல்லாத வெட்கம் கேட்டவர்களுக்கு வந்துவிட்டது. செபமாலைக் கூட்டத்து அம்மையார் ஒருவர் அக்காவிடமே, "அந்த வார்த்தையைச் சொன்ன வாயால அப்புறம் செபம் சொல்ல வராதீங்க," என்றார். அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. வழக்கை விட்டுவிடுவார் என்றே பயந்தேன்.

விடவில்லை. சாட்சிக் கூண்டில் ஏறி, பைபிள்மேல் கைவைத்துச் சத்தியம் செய்துவிட்டு, ஒரு சொல்லும் விடாமல் சொன்னார். மொழிபெயர்ப்பாளர் வயதானவர். காது சிவந்து, குரலைத் தாழ்த்தி, சுருக்கமாக ஆங்கிலத்தில் முடித்துக்கொண்டார். அக்காவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனாலும் பேச்சின் நீளம் குறைந்ததைக் கண்டு, மொழிபெயர்ப்பாளர் பக்கம் திரும்பி, "குறைக்காதீங்க ஐயா. அவங்க குறைச்சுப் பேசல," என்றார். நீதிபதி என்னவென்று விசாரித்து, முழுவதையும் மறுபடி சொல்லச் செய்தார்.

தீர்ப்பு அக்கா பக்கம் வந்தது. வசூல் நிறுவனம் நஷ்டஈடு கொடுக்க வேண்டும், அதன் ஆட்கள் இனி அந்த வீட்டுப் பக்கமே போகக்கூடாது. வீடு திரும்பியதும் அக்கா முன்கதவுக்குத்தான் போனார். துருப்பிடித்த தாழ்ப்பாளைப் பார்வதியும் நானும் சேர்ந்து இழுத்தோம். அதற்குப்பின் இரவு படுக்கப் போகும்வரை அந்தக் கதவு மூடியதில்லை. மிச்சத் தவணையையும் அக்கா கட்டி முடித்தார். செபமாலை சொல்ல மட்டும் யாரும் அவரை முன்னால் கூப்பிடவில்லை. பின்வரிசையில் உட்கார்ந்து, எல்லாரையும்விடச் சத்தமாக மறுமொழி சொல்வார்.

நேற்று அடக்கம். முன்பக்கம் பந்தலும் நாற்காலிகளும் அடைத்திருந்தன. பெட்டியைச் சமையலறை வழியாக எடுத்து, வண்டியைப் பின்சந்தில் நிறுத்தலாம் என்றார்கள். "கூடாது," என்று நான் கத்திவிட்டேன். துக்க வீடு என்றும் பார்க்கவில்லை. யாரும் அசையவில்லை. அன்று செபத்துக்கு வராதீர்கள் என்ற அதே அம்மையார்தான் எழுந்து, தம் நாற்காலியை மடக்கி ஓரமாக வைத்தார். பிறகு எல்லாரும் மடக்கினார்கள்.

அக்கா, வழி விட்டுவிட்டோம். முன்வாசல் வழியாகவே போய்வாருங்கள்.