அண்ணன் ஓடவைத்த தோட்ட டிராக்டர்கள்

அண்ணன் தவறுதலாகக் கையைத் தூக்கிவிட்டார்கள் என்றே அன்று நாங்கள் நம்பினோம்.

எண்பதுகளின் தொடக்கம். ராஜபாளையத்தில் எங்கள் சபையின் அறுப்பின் பண்டிகை. காணிக்கையாக வந்த பூசணிக்காய்களும் கோழிகளும் தென்னங்கன்றுகளும் ஏலம் போய்க்கொண்டிருந்தன. தேவதானத்துத் தென்னந்தோப்புக்காரர் ஒருவர், வெகுகாலமாக ஓடாமல் கிடந்த தம் தோட்ட டிராக்டரைக் காணிக்கையாகக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். மரங்களுக்கு இடையே நுழைந்து உழுவதற்காக எப்போதோ கப்பலில் வந்த வண்டி. இடுப்பளவு உயரம்தான் இருக்கும். மேலெல்லாம் துரு. இருக்கையில் கோழி அடைந்த அடையாளம்.

ஏலம் விட்ட மூப்பர், "இத எடுக்கவகளுக்கு ரெண்டு பூசணிக்கா இனாம்!" என்றார். கூட்டம் சிரித்தது. அண்ணன் கையைத் தூக்கினார்கள்.

பெண்கள் பக்கத்தில் என் அருகே இருந்த மதினி பதறிப்போனார்கள். "ஏட்டி, ஒங்க அண்ணனக் கையக் கீழ போடச் சொல்லு. தென்னங்கன்னுன்னு நெனச்சிட்டாவ போல."

அண்ணன் கையை இறக்கவில்லை.

கான்சாபுரத்தில் பிறந்தவர்கள் அண்ணன். அப்பா அங்கே சபைப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர். அண்ணன் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிய கோடையில் அப்பா காலமானார்கள். அடுத்த மாதமே அண்ணன் ராஜபாளையத்து நூற்பாலை ஒன்றில் ஃபிட்டருக்கு எடுபிடியாகச் சேர்ந்து, பின்னாளில் ஃபிட்டராகவும் ஆனார்கள். என்னைக் கல்லூரி வரை படிக்க வைத்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் தமிழாசிரியையாகச் சேர்ந்த பிறகே தம் திருமணத்துக்குச் சம்மதித்தார்கள்.

ஓரிடத்தில் உட்காரத் தெரியாதவர்கள். பிரசங்கத்தின் நடுவே கோயில் மின்விசிறியின் சத்தத்தைக் கேட்டு, "பேரிங் போச்சு" என்று பக்கத்திலிருப்பவரிடம் சொல்வார்கள். பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்க் குழாயை இறுக்குவார்கள். என் வீட்டுக்கு வந்தால் அவர்கள் கிளம்புவதற்குள் ஒரு கதவாவது கழற்றி மாட்டப்பட்டிருக்கும்.

ஏலத்தில் எடுத்த வண்டி வீட்டின் பின்புறம் இரண்டு மழைக்காலங்களைப் பார்த்தது. காதர் பாயின் பழைய இரும்புக்கடையில் அண்ணன் தேடாத குவியல் இல்லை. கிடைக்காத உதிரிப் பாகங்களைத் தாமே அரத்தால் ராவிச் செய்தார்கள். பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்ட வேண்டிய அந்த எஞ்சின் முதல் முறை உறுமியபோது, கடையைச் சாத்திவிட்டு ஓடிவந்த காதர் பாய், "எம்புட்டுப் புகை! தெருவையே காலி பண்ணிட்டீகளே மச்சான்" என்றார். பிறகு இன்னும் இரண்டு வண்டிகள் வந்து சேர்ந்தன. அண்ணன் அவற்றை விற்கவுமில்லை, வாடகைக்கு விடவுமில்லை. "இத வச்சு என்ன செய்யப் போறீக?" என்று கேட்டவர்களுக்கு, "ஓடுதா இல்லையா, அதச் சொல்லும்" என்பதுதான் பதில்.

சனிக்கிழமை தோறும் மூன்றையும் செத்த நேரமாவது ஓடவிடுவார்கள். ஓட்டி முடித்ததும், மழை இறங்காதபடி புகைக்குழாயின் மேல் தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்ப்பார்கள். கிளப்புவதற்குக் கையால் சுற்றும் இரும்பு ஹேண்டில் ஒன்றே ஒன்று. மூன்றுக்கும் பொருந்தும்படி அதன் முனையை அவர்களே ராவியிருந்தார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் அண்ணனுக்கு ஆலையில் நெஞ்சுவலி வந்தது. பளுவான வேலை எதுவும் கூடாது என்றார் மருத்துவர். ஹேண்டிலைச் சுற்றுவது எவ்வளவு பளு என்பதை மதினி பார்த்திருந்தார்கள். இருவரும் அடுக்களையில் நின்று பேசி முடிவெடுத்தோம். ஹேண்டிலைப் பழைய சேலையில் சுற்றி, பையில் வைத்து, ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பேருந்தில் கொண்டுபோனேன். என் புத்தக அலமாரியின் பின்வரிசையில் வைத்தேன். அண்ணன் புத்தகத்தைத் தொடமாட்டார்கள்.

மறுவாரம் என் வீட்டு வாசலில் நின்றார்கள்.

"ஏட்டி, ஹேண்டிலப் பாத்தியா?"

"இல்லையேண்ணே."

அண்ணனிடம் நான் வேறு பொய்களும் சொல்லியிருப்பேன். நினைவில் இருப்பது இது ஒன்றுதான்.

அதன் பிறகு அவர்கள் கேட்கவில்லை. ஆனால் வந்தார்கள். ஆலை விடுப்பில் இருந்த அந்த நாள்களில் ஒருநாள் விட்டு ஒருநாள் பேருந்தேறி வந்து, நாற்காலி நுனியில் உட்கார்ந்து, காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு, "வாரேன்" என்று எழுந்துவிடுவார்கள். கதவுகளைப் பார்க்கக்கூட இல்லை. ஓய்வெடுக்கிறார்கள், உடம்பு தேறுகிறது என்று நானும் மதினியும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். ஐப்பசி மழையில் முதல் வண்டியின் சிரட்டை காற்றுக்கு விழுந்தது. மூடி வைக்க அண்ணன் பின்புறம் போகவே இல்லை. தண்ணீர் இறங்கி, பிஸ்டன் துருவேறி இறுகிப்போனது.

ஒரு நண்பகல் மதினி தனியாக என் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார்கள்.

"அதக் குடுத்துரு ஏட்டி. ராத்திரி பகல்னு இல்லாம வீட்டுக்குள்ள நடக்காவ. சோத்தப் பெசஞ்சிட்டு அப்படியே வச்சிருதாவ. ரெண்டு பேருமாச் சேந்து நல்லாத்தான் காப்பாத்துனோம்."

அன்றே அரைநாள் விடுப்புப் போட்டு, ஹேண்டிலை எடுத்துக்கொண்டு மதினியோடு போனேன். அண்ணன் ஹேண்டிலை வாங்கி, அலமாரித் தூசியைக் கைலி நுனியால் துடைத்தார்கள். கோபிக்கவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"ஏண்ணே, நீங்களே இன்னொண்ணு செஞ்சிருக்கலாமே? அரை மணி நேர வேலதானே?"

"செஞ்சிருக்கலாம். நீதான் எடுத்தேன்னு தெரியும். நீயாத் தருவேன்னு இருந்தேன்."

மதினி முன்னால் வந்து ஹேண்டிலைப் பிடுங்கினார்கள். "இங்க குடுங்க. நான் சுத்துதேன். நீங்க உக்காந்து சொல்லுங்க."

"ஒனக்கு ஏலாது."

"ஆட்டுரல்ல ஊருக்கே மாவாட்டுன கை. என்ன ஏலாது?"

அண்ணன் முக்காலியில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார்கள். பெருவிரலை மற்ற விரல்களோடு சேர்த்து வைக்க வேண்டும். எஞ்சின் திருப்பி அடித்தால் விரல் தப்பும். கீழே அழுத்தக் கூடாது, மேல்நோக்கி இழுக்க வேண்டும். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மதினி இழுத்தார்கள். நான்காவது இழுப்பில் இரண்டாம் வண்டி கிளம்பியது. சத்தம் கேட்டு வந்து சுவரோரம் நின்ற காதர் பாய், "மச்சான், ஒங்க வேல போச்சு!" என்றார். அண்ணன் சிரித்தார்கள்; அந்தச் சிரிப்பை நாங்கள் பார்த்து மாதங்கள் ஆகியிருந்தன.

அண்ணன் இருந்தவரை சனிக்கிழமைகள் அப்படியே நடந்தன: மதினி சுற்ற, அண்ணன் சொல்ல. இறுகிப்போன முதல் வண்டியைப் பிரித்து, பிஸ்டனை எண்ணெயில் ஊறவைத்து, சிறுகச் சிறுக அசைத்துப் பார்த்தார்கள். அசையவில்லை. சென்ற ஆண்டு ஒரு விடியற்காலையில், உறக்கத்திலேயே அண்ணன் கர்த்தரிடம் சேர்ந்தார்கள். நான் ஒளித்து வைத்ததால் ஒன்றும் கெட்டுவிடவில்லை என்று மருத்துவரும் மதினியும் சொல்கிறார்கள். அந்த மாதங்களை என்னால் அப்படிக் கணக்கிலிருந்து கழித்துவிட முடியவில்லை.

அண்ணனைத் தோளில் சுமந்த ஆலைத் தோழர்களுக்கும், அடக்கத்துக்கு முந்திய இரவு முழுவதும் எங்களோடு விழித்திருந்த சபையாருக்கும், அன்று கடை திறக்காத காதர் பாய்க்கும், அடுப்பு மூட்டாத எங்களுக்கு உணவு தந்த தெருவாருக்கும் எங்கள் வீடு கடமைப்பட்டிருக்கிறது.

அண்ணனுக்கும் மதினிக்கும் பிள்ளைகள் இல்லை. ராஜபாளையத்து வீட்டில் மதினி இருக்கிறார்கள். சனிக்கிழமைகளில் நானும் இருக்கிறேன்.