நஞ்சம்மாள் நெஞ்சில் இருந்த நீர்க்கட்டி

மொரப்பூருக்குத் தெற்கே நாலு மைல் தள்ளியிருந்த ஊரில் மாயவனுக்கு வாழ்க்கைப்பட்டவள் நஞ்சம்மாள். பிறந்த வீட்டிலிருந்து அவள் ஓட்டிவந்த ஆடுகள் ஒரு பட்டியாகப் பெருகியிருந்தன. ஆடும் காவல் நாயுமாகவே அவள் பகல் போகும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்பதாம் வருஷம் மாசியில் அவளுக்கு இருமல் பிடித்தது. சித்திரையில் சளியோடு ரத்தம் வந்தது.

மாயவன் அவளை வண்டியில் ஏற்றி ஒரு கம்பவுண்டரிடம் கூட்டிப்போனான். அந்த ஆள் குழாயைச் சேலைக்கு மேலேயே வைத்து, ரெண்டு தடவை மூச்சிழுக்கச் சொன்னான். அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மாயவனைத் தனியே கூப்பிட்டு, "காசம். வூட்டுல வெச்சுக்காத, புள்ளைக்கு ஒட்டிக்கும்" என்றான்.

மறுநாளே காட்டோரம் நாலு கொம்பு நட்டு ஓலை வேய்ந்து, அவளை அதில் கொண்டுபோய் விட்டான் மாயவன். மூன்று வயது மகள் ராமக்காளைக் கண்ணில் காட்டவில்லை. கஞ்சிச் சட்டியைத் தூரத்தில் வைத்து, நீளக் குச்சியால் அவள் பக்கம் தள்ளுவான்.

முதல் வருஷம் அழுதாள். இரண்டாம் வருஷம் யோசிக்க ஆரம்பித்தாள். அவளுடைய பெரியப்பன் மகன் காசத்தில் செத்தவன். எட்டே மாசத்தில் எலும்பும் தோலுமாகப் போனான். அவளுக்கோ கை கால் சதை அப்படியே இருந்தது. சாயங்காலக் காய்ச்சலும் இல்லை.

"இது காசமில்ல! வேற ஆருகிட்டயாச்சும் காட்டு!" என்று கத்தினாள்.

"ஆயுசு கெட்டி உனக்கு" என்று சொல்லிவிட்டு மாயவன் திரும்பிப் போனான். அந்த ஆவணியில் அவன் செல்லி என்கிறவளை இரண்டாம் தாரமாகக் கட்டிக்கொண்டான். கல்யாண மேளம் காட்டுக்குள் வந்து கேட்டது.

நாற்பத்திரண்டாம் வருஷம் ஐப்பசியில் ஒரு காலை, குனிந்து புல் அறுக்கும்போது இருமல் வந்தது. நெஞ்சுக்குள் ஏதோ தெறித்து உடைந்தது. வாயிலும் மூக்கிலும் உப்புக்கரிக்கும் தண்ணீர் கொட்டியது. கூடவே அவித்த முட்டையின் சவ்வு மாதிரி வெள்ளைத் தோல். உடம்பெல்லாம் தடித்து, மூச்சு அடைத்தது. செத்தோம் என்றுதான் நினைத்தாள். உச்சிப்பொழுதில் மூச்சு திரும்பியது. கூடவே கோபமும் வந்தது. காசத்தில் இப்படி ஒன்று வரும் என்று யாரும் சொல்லி அவள் கேட்டதில்லை.

அந்தத் தோலை இலையில் சுற்றி ஒரு கலயத்தில் போட்டுக்கொண்டாள். காதுத்தோட்டைக் கழற்றி விற்று, யாரிடமும் சொல்லாமல் மொரப்பூரில் ரயிலேறினாள். சண்டைக்காலம், பெட்டியெல்லாம் சிப்பாய்கள். ஜோலார்பேட்டை தாண்டி ஒரு மிஷன் ஆஸ்பத்திரி இருப்பதாக எப்போதோ கேட்டிருந்தாள். நின்றுகொண்டே போனாள்.

அங்கிருந்த வெள்ளைக்கார டாக்டரம்மா இலையைப் பிரித்ததும் மற்ற டாக்டர்களைக் கூப்பிட்டாள். எக்ஸ்ரே படம் எடுத்தார்கள்.

"காசம் இல்லை, அம்மா. நீர்க்கட்டி. நாய் வயிற்றுப் புழுவின் முட்டை உன் கைவழியாக உள்ளே போய், நுரையீரலில் கட்டியாக வளர்ந்திருக்கிறது. அபூர்வமாகத்தான் வரும்."

"என்கிட்டயிருந்து புள்ளைக்கு ஒட்டுமுங்களா?"

"யாருக்கும் ஒட்டாது."

நஞ்சம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டாள். அழுகை வரவில்லை. குச்சியால் தள்ளிய கஞ்சி ஒவ்வொரு வேளையும் ஞாபகம் வந்தது.

உடைந்த கட்டியை விட்டால் உள்ளேயே சீழ் வைத்துவிடும் என்றார்கள். மயக்கம் கொடுத்து, ஒரு விலா எலும்பை அறுத்தெடுத்து, கட்டியின் பையை உரித்து வெளியே எடுத்தார்கள். ரெண்டு மாசம் விலாவில் ரப்பர் குழாயோடு கிடந்தாள். பக்கத்துக் கட்டிலில் அதே மாதிரி நெஞ்சு அறுத்தவள் செத்துப்போனாள். நஞ்சம்மாள் பிழைத்தாள்.

தை மாசம் ஊர் திரும்பினாள். வாசலில் அவளைக் கண்டதும் மாயவன் துண்டால் மூக்கைப் பொத்தினான்.

"துண்டை எடு. எனக்குக் காசமே இல்ல. டாக்டரம்மா எழுதிக் கொடுத்திருக்காங்க."

"எனக்கென்ன தெரியும்? கம்பவுண்டரு சொன்னாரு, ஊரும் சொல்லுச்சு."

"ஊரை இழுக்காத! வேற ஆளுகிட்டக் காட்டுன்னு தொண்டை கிழியக் கத்துனேனே, அது உன் காதுல வுழுந்துச்சா இல்லியா?"

அவன் துண்டை மூக்கிலிருந்து எடுத்தான். செல்லியின் முந்தானைக்குப் பின்னால் ராமக்காள் ஒளிந்திருந்தாள். "வா கண்ணு" என்று கை நீட்டியதும் பிள்ளை வீறிட்டது. செல்லியும் அழுதாள். "உன்னைத் தெரியல அக்கா அவளுக்கு. நான் மெதுவா சொல்லிக் கொடுக்கறேன்."

செல்லிமேல் கோபப்பட முடியவில்லை. அது நஞ்சம்மாளை இன்னும் எரியவைத்தது. பிள்ளையைப் பிடித்து இழுக்க மனசு வரவில்லை. பட்டியைத் திறந்து, தன் ஆடுகள் அத்தனையையும் ஓட்டிக்கொண்டு மொரப்பூருக்கு நடந்தாள். மாயவன் தடுக்கவில்லை.

ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் குடிசை போட்டுப் பிழைத்தாள். செல்லி சந்தை நாளில் ராமக்காளைக் கூட்டிவருவாள். பத்து வயதில் ராமக்காள் தானாகவே துணிமூட்டையோடு வந்து சேர்ந்தாள். மாயவன் நாலைந்து தடவை மகளைப் பார்க்க வந்தான். நஞ்சம்மாள் அவனை உள்ளே விடவில்லை. குடிக்கத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.