தை வரைக்கும் நிற்க வேண்டிய கோழிக்கொண்டை

அக்காவின் முதலாம் ஆண்டு நினைவு ஆராதனைக்கு வந்து, இந்தச் சிறு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உற்றார் உறவினர் அனைவருக்கும் தம்பியின் வணக்கம். இதை எழுத உட்கார்ந்து ஐந்து முறை எழுந்துவிட்டேன். அச்சகத்திலிருந்து மூன்று தடவை போன் வந்தாயிற்று. அக்காவின் மகள் பிரின்சி, “மாமா, உங்களுக்குன்னு ரெண்டு பக்கம் விட்டிருக்கு. எழுதுவியளா மாட்டியளா?” என்று கேட்டுவிட்டாள். எழுதாமல் இருக்க முடியாது. நான் ஒப்புக்கொள்ள வேண்டிய ஒரு காரியம் இருக்கிறது. அதை நேரில் உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை.

முறைப்படி பிறப்பிலிருந்தே தொடங்குகிறேன். மணவாளக்குறிச்சிக்குப் பக்கத்தில், நடந்தால் கால் புதையும் மணலில் இருந்த எங்கள் வீட்டில் அக்கா மூத்தவர்களாகப் பிறந்தார்கள். எனக்கும் அவர்களுக்கும் பதினோரு வயது வித்தியாசம். என்னை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் பாடம் படித்தார்கள். திருமணமாகி ஆரல்வாய்மொழிக்குப் போனபோது அம்மா ஒரு கறிவேப்பிலைக் கன்றைப் பழைய எண்ணெய் டின்னில் வைத்துக் கொடுத்தார்கள். அந்த ஊர்க் காற்றில் கறிவேப்பிலை பிழைக்கவில்லை. டின் மண்ணில் எப்படியோ கிடந்த கோழிக்கொண்டை விதை பிழைத்துக்கொண்டது. அதை யாரும் விதைக்கவில்லை.

லாரி ஓட்டிப் போன இடத்தில் அத்தான் விபத்தில் இறந்தபோது பிரின்சி பால்குடி. அக்கா பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து அவளை நர்சிங் படிக்க வைத்தார்கள். யாரிடமும் போய் நின்றது கிடையாது. அவர்கள் ஓரிடத்தில் உட்கார்ந்தும் நான் பார்த்தது கிடையாது. நாம் பேசிக்கொண்டிருக்கும்போதே எழுந்துபோய், சாய்ந்த செடி ஒன்றை நிமிர்த்திக் கட்டிவிட்டு வந்து, “ம், சொல்லு” என்பார்கள்.

அந்தக் கோழிக்கொண்டை இப்போது நர்சரியில் கிடைக்கும் குட்டை ரகம் அல்ல. ஆள் உயரத்தைத் தாண்டும் பழைய ரகம், ரத்தச் சிவப்பு. சனிக்கிழமை தோறும் ஆலயத்து ஆல்டர் பீடத்துக்குப் போகும் பூ அதுதான். விதை எடுத்து வைக்கும் பழக்கம் அக்காவுக்கு இல்லை. கொண்டை நின்று காய்ந்து, கடுகைவிடச் சிறிய கறுப்பு விதையை முற்றத்திலேயே கொட்டும். ஆனி மழையில் முளைக்கும். அந்த ஒரு மாதம் முற்றத்தின் அந்தப் பாதியில் பெருக்கும் வாரியல் படக் கூடாது. “தண்டு செவப்பா இருந்தா நம்ம பிள்ள. மத்ததெல்லாம் புல்லு” என்று குனிந்து பார்த்துப் பார்த்து, முழத்துக்கு ஒன்றாக விட்டு மீதியைப் பிடுங்குவார்கள். ஆடிக் காற்றுக்கு மரச்சீனிக் கம்பை ஊன்றிக் கட்டுவார்கள். கம்பும் துளிர்த்துவிடும். பூவுக்கு நடுவே கிழங்கும் விளையும்.

எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது. மஸ்கட்டில் ஏ.சி. மெக்கானிக்காக இருபது வருடம் இருந்துவிட்டு வந்து, அக்கா வீட்டுக்கு அடுத்தே வீடு கட்டியவன் நான். முற்றம் என்றால் துடைத்த தரை மாதிரி இருக்க வேண்டும் எனக்கு. “இது வீடாக்கா, காடா? சிலிண்டர்காரன் வாசல் தெரியாம திரும்பிப் போறான்” என்பேன். “நீ பாலைவனத்துல கெடந்துட்டு வந்தவன். உனக்கு நாலு செடி நின்னா காடுதான், போ” என்பார்கள்.

கடைசியாக மருத்துவமனையில் படுத்திருந்தபோது சொத்தைப் பற்றியோ மகளைப் பற்றியோ அக்கா ஒன்றும் சொல்லவில்லை. “ஏலே, முற்றத்துல நிக்கத நீ தொட்டிராத. கிறிஸ்மஸ் கழிஞ்சு தை வரைக்கும் நிக்கட்டும். தானா காஞ்சு கொட்டணும். கேட்டியா?” என்றார்கள். “சரிக்கா” என்றேன். நான்காம் நாள், கார்த்திகை மாதத்து அடைமழையில், கர்த்தருக்குள் நித்திரை அடைந்தார்கள்.

இப்போது அந்தக் காரியத்துக்கு வருகிறேன். துக்க வீட்டு முற்றம் புல் பூண்டு இல்லாமல் கிடக்க வேண்டும் என்பது நம் பக்கத்தில் ஒரு பிடிவாதம். வெளியூரிலிருந்து ஆள் வரும், முற்றத்தைப் பார்த்து என்ன நினைக்கும் என்ற பதற்றம். பந்தல்காரர், “செடி நிக்கே, கம்பை எங்க நாட்ட?” என்று கேட்டார். “எல்லாத்தையும் பிடுங்குங்க” என்று சொன்னவன் நான்தான். கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. போதாததற்கு, நாற்காலிக் கால் சேற்றில் புதையாமல் இருக்க ஒரு டெம்போ பாறைப்பொடியும் அடித்தேன். வந்தவர்கள் முற்றத்தைப் புகழ்ந்தார்கள். அடக்கம் முடிந்து பிரின்சி, “அம்மைக்க பூ எங்க மாமா?” என்று கேட்டாள். “பந்தல்காரங்க பிடுங்கிட்டாங்க மக்கா” என்றேன். அதையே உங்கள் எல்லாரிடமும் சொல்லி வந்தேன். அந்தப் பந்தல்காரரிடமும் உங்களிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்.

அதற்குப் பிறகு எனக்கு நிம்மதி இல்லை. பாறைப்பொடியை நானே வாரி வெளியே போட்டேன். மழை பெய்தும் புல்தான் வந்தது. பூச்சந்தை இருக்கும் தோவாளைப் பக்கம் கேட்டேன், நாகர்கோவிலில் விதைப் பாக்கெட் வாங்கி விதைத்தேன். எல்லாம் முழங்காலுக்கு வந்ததும் போதும் என்று நின்றுவிட்டன. அவற்றைப் பார்க்கவே எரிச்சலாக இருந்தது.

ஆடியில் கல்லறை கட்ட ஏற்பாடு செய்தேன். மயிலாடியில் பெயர்க்கல் தயாராகிவிட்டது. கொத்தனார் சுயம்பு கல்லறைத் தோட்டத்திலிருந்து போன் செய்தார். “அண்ணாச்சி, குழி மேல ஒரே களையாக்கும். பிடுங்கிப் போட்டுட்டு கான்கிரீட் போடட்டா?” “போடுங்க” என்று சொல்லி வைத்துவிட்டேன். சாயாவை எடுத்தபோதுதான் உறைத்தது. அதே கேள்வி, அதே பதில். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஓடினேன். போய்ச் சேர்வதற்குள் பாதி பிடுங்கியாகிவிட்டது. பிடுங்கிக் குவித்ததில் ஒன்றை எடுத்துப் பார்த்தேன். தண்டு சிவப்பாக இருந்தது.

“நிறுத்தும் ஓய்.”

“களை இல்லியா அண்ணாச்சி?”

“நம்ம பிள்ளையாக்கும்” என்றேன். அழுதுவிட்டேன். சுயம்பு சிமெண்டுச் சட்டியில் தண்ணீர் கொண்டுவந்தார். பிடுங்கியதையெல்லாம் இருவருமாகத் திரும்ப நட்டோம்.

நேராகப் பக்கத்து வீட்டு ஞானபாய் மைனியிடம் போய்ச் சொன்னேன். மைனிக்கு ஆச்சரியமே இல்லை. “நீ பிடுங்கிப் போட்ட கொண்டைய எல்லாம் நானாக்கும் அறுத்து முந்தியில கெட்டிட்டுப் போனேன். மண்ணு மூடின பொறவு மேல பரத்தி வச்சேன். வெத அங்கதான கொட்டும்?” என்றார்கள்.

“நான் இத்தன நாளு தேடி அலையும்போ ஒரு வார்த்த சொல்லப்பிடாதா மைனி?”

“பந்தல்காரன் பிடுங்குனான்னு நீ சொன்னியே தம்பி. அன்னைக்கு நானும் முற்றத்துலதான் நின்னேன். நீயா என்னைக்காவது சொல்லுவன்னு பாத்துட்டு இருந்தேன்.”

இதோ, சொல்லிவிட்டேன்.

அக்காவைக் கடைசிவரை கவனித்த மருத்துவர்களுக்கும் செவிலியருக்கும், அடக்க ஆராதனையை நடத்திய போதகர் ஐயாவுக்கும், மழையில் நனைந்துகொண்டு வந்த உங்கள் ஒவ்வொருவருக்கும், சுயம்புவுக்கும், எல்லாரையும்விட ஞானபாய் மைனிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

ஆராதனை முடிந்து கல்லறைத் தோட்டத்துக்கு வருகிறவர்கள், ஒரு வருடம் ஆகியும் தம்பி கல்லறை கட்டவில்லையே என்று நினைக்க வேண்டாம். பெயர்க்கல் என் வீட்டுச் சுவரில் சாய்ந்திருக்கிறது. அங்கே கோழிக்கொண்டை என் தலைக்கு மேல் நிற்கிறது. காற்றுக்கு நான் ஊன்றிய மரச்சீனிக் கம்பும் துளிர்த்துவிட்டது. ஜெபிக்க இடம் போதாவிட்டால் கொஞ்சம் தள்ளி நின்றுகொள்ளுங்கள். தை வரைக்கும் அதை யாரும் பிடுங்க வேண்டாம்.

இப்படிக்கு,
தம்பி