பியற்றிஸ் காய்ச்சிய ஹெல்மர்

பியற்றிஸ் தன் வாழ்நாளில் விரும்பிக் குடித்தது ஒரேயொரு பியரைத்தான். ஹெல்மர் என்று பெயர். ஜேர்மனியில் மலைக்காட்டுப் பக்கமாக இருந்த ஒரு சிற்றூரில் அதைச் செய்தார்கள். அந்தத் தொழிற்சாலையில் அவர் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தார். முதலில் போத்தல் கழுவும் பிரிவு, பிறகு பரிசோதனைக்கூடத்தில் துப்புரவு வேலை. வெள்ளிக்கிழமை ஷிப்ட் முடிந்தால் எல்லோருக்கும் வீட்டுக்கு ஒரு பெட்டி பியர் கிடைக்கும். அங்கிருந்த மற்றத் தமிழ்ப் பெண்கள் அதை அப்படியே வீட்டு ஆண்களிடம் கொடுத்துவிடுவார்கள். பியற்றிஸின் கணவர் பரமேஸ்வரன் குடிப்பதில்லை. பெட்டிகள் சேர்ந்துகொண்டே போக, ஒருநாள் களைப்பில் பியற்றிஸ் ஒரு கிளாஸ் ஊற்றிக் குடித்துப் பார்த்தார். பிடித்துக்கொண்டது. அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைக்கு ஒரு கிளாஸ். அதற்கு மேல் ஒரு மிடறும் இல்லை.

பரமேஸ்வரனுக்கு வெள்ளிக்கிழமை விரதம். பியற்றிஸ் வேதக்காரி, கிறிஸ்தவர். கணவர் மரக்கறிச் சோறு சாப்பிட, எதிரே இவர் கிளாஸோடு இருப்பார். இருவருக்கும் அதில் ஒரு சங்கடமும் இருந்ததில்லை.

2003இல் மகள் லக்‌ஷிகா ஆங்கிலத்தில் படிக்கவேண்டும் என்று லண்டனுக்கு வந்து ஸ்ட்ரெதமில் வீடு எடுத்தார்கள். டூட்டிங் கடைகளின் குளிர்ப்பெட்டிகளைத் திருத்தும் வேலை பரமேஸ்வரனுக்குக் கிடைத்தது. பியற்றிஸ் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் சேர்ந்தார். எல்லாம் சரிவந்தது, ஹெல்மரைத் தவிர. அது அந்த ஊரைச் சுற்றி முப்பது மைலுக்கு அப்பால் விற்பனைக்கே போவதில்லை. இங்கே கிடைத்த பியர்களை ஒவ்வொன்றாக வாங்கி மணந்து பார்த்தார். ஒன்று நனைந்த காகித மட்டை போல மணத்தது, இன்னொன்றில் மணமே இல்லை.

2009 பிறந்ததிலிருந்து மே மாதம்வரை அந்த வீட்டில் யாரும் பியரைப் பற்றி நினைக்கவில்லை. வேலை முடிந்தால் போரை நிறுத்தச்சொல்லிப் பாராளுமன்றச் சதுக்கத்தில் நிற்பது, வீட்டுக்கு வந்தால் ஊருக்குத் தொலைபேசி. எல்லாம் முடிந்துபோன பிறகு, ஜூன் மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், வெறும் மேசைக்கு முன்னால் இருந்த பியற்றிஸ், ஹெல்மரைத் தானே செய்யப்போவதாகச் சொன்னார். கை சும்மா இருக்கமாட்டேன் என்கிறது என்றார். பரமேஸ்வரன் முதலில் சட்டத்தை விசாரித்தார். விற்காமல் வீட்டில் குடித்தால் குற்றமில்லை என்று லக்‌ஷிகா இணையத்தில் பார்த்துச் சொன்னாள்.

முதல் தடவை, தகரத்தில் வரும் பார்லிப் பாணியைத் தண்ணீரில் கரைத்து, கூடவே வந்த ஈஸ்ற்றைத் தூவி, சமையலறை மூலையில் வாளியை வைத்தார்கள். கோடை வெக்கை. மூன்று கிழமையில் கிடைத்தது பியர்தான், ஆனால் கனிந்த வாழைப்பழ மணம். லக்‌ஷிகாவின் சிநேகிதிகள் அதைக் குடித்து முடித்தார்கள். பியற்றிஸ் தொடவில்லை. ஹெல்மர் குளிரில் புளிக்கிற பியர், பத்துப் பாகைக்கு மேல் போகக்கூடாது என்று அவருக்குத் தெரியும். அந்தக் குளிருக்கு ஜூலை மாதத்து லண்டனில் எங்கே போவது?

“எத்தினை டிகிரி எண்டு சொல்லும்,” என்றார் பரமேஸ்வரன்.

மறுகிழமை, ஒரு மீன்கடை கழித்துவிட்ட குளிர்ப்பெட்டி கராஜுக்கு வந்து சேர்ந்தது. மூன்று நாள் கழுவியும் போகாத வாடையைப் பியற்றிஸ் வினாகிரி ஊற்றித் துரத்தினார். பரமேஸ்வரன் அதற்குக் குளிரைக் கட்டுப்படுத்தும் வேறு தேமோஸ்ரற் பூட்டி, அரைப் பாகைகூடப் பிசகாமல் நிறுத்திக் காட்டினார். குடிக்காத மனிதர், காலையில் எழுந்ததும் முதல் வேலையாகக் கராஜுக்குப் போய் வெப்பமானியைப் பார்த்துவிட்டுத்தான் முகம் கழுவினார்.

இந்தத் தடவை தகரம் இல்லை. முளைவிட்டுக் காயவைத்த பார்லியை இடித்து, வெந்நீரில் ஊறவைத்து, வடித்து, கசப்புக்கு ஹொப்ஸ் பூப் போட்டுக் காய்ச்சினார். செப்டெம்பரில் முதல் போத்தலைத் திறந்ததும் மூக்கில் அடித்தது வெண்ணெய் மணம். கசப்பும் நாக்கைப் பிறாண்டியது.

பியற்றிஸ் இரண்டு நாள் யோசித்தார். கசப்புக்குக் காரணம் கேத்திலுக்குள் இருந்தது. லண்டன் தண்ணீர் அதில் சுண்ணாம்பாகப் படிந்துகிடந்தது. ஹெல்மர் ஊர்த் தண்ணீரோ மழைத்தண்ணீர் மாதிரி. ஆகவே இனிக் கடையில் வாங்கும் தண்ணீர், அதுவும் போத்தல் முதுகைப் படித்துப் பார்த்து. வெண்ணெய்க்கு விடை பிறகு, பள்ளிக்கூடத்தில் தட்டுகள் துடைத்துக்கொண்டிருந்தபோது வந்தது. ஹெல்மர் தொழிற்சாலையில், புளித்து முடிகிற சமயம் இரண்டு நாளைக்குக் குளிரைக் குறைத்துவிடுவார்கள். கரண்ட் மிச்சம் பிடிக்கிறார்கள் என்றுதான் பன்னிரண்டு வருடமும் அவர் நினைத்திருந்தார். அந்தச் சூட்டில்தான் ஈஸ்ற் வெண்ணெய் மணத்தைத் தின்று தீர்க்கிறது போலும்.

மூன்றாவது வாளி அக்டோபர் தொடக்கத்தில் ஏறியது. அந்தக் கிழமையே ரெய்னர்ஸ் லேனிலிருந்து பரமேஸ்வரனின் அக்கா நகுலேஸ்வரி வந்தார். மறுநாள் இந்தப் பக்கம் நடக்கவிருந்த பேரப்பிள்ளையின் பிறந்தநாளுக்கென்று, இங்கே வைத்துவிட்டுப் போக நான்கு தட்டு ரோல்ஸ் கொண்டுவந்திருந்தார். வீட்டுக் குளிர்ப்பெட்டி நிறைந்திருந்ததால், கேட்காமலே கராஜுக்குப் போய் அங்கே நின்ற பெரிய குளிர்ப்பெட்டியைத் திறந்தார். உள்ளே வாளி. அதன் மூடியிலிருந்த குழாய் நிமிடத்துக்கொரு தரம் குமிழி விட்டது. நகுலேஸ்வரி தட்டுகளோடு திரும்பி வந்து, மேசையில் வைத்துவிட்டு, தம்பியைப் பார்த்தார்.

“தம்பி, லண்டனிலை வந்து கசிப்புக் காய்ச்சிறியோ?”

ஊரில் களவாகக் காய்ச்சும் சாராயத்துக்குத்தான் கசிப்பு என்று பெயர். பரமேஸ்வரன் முந்திக்கொண்டார். “ஓமக்கா, என்ரைதான். சும்மா ஒரு பொழுதுபோக்கு.”

ஐம்பத்திரண்டு வயதுவரை சாராய வாசம் அறியாத மனிதர், மனைவியின் பெயரைக் காக்க அப்படிச் சொல்வதைக் கேட்டு பியற்றிஸ் கையிலிருந்த தேத்தண்ணீரைக் கீழே வைத்தார்.

“இல்லை மச்சாள், அது என்ரை. குடிக்கிறதும் நான்தான். கிழமைக்கு ஒரு கிளாஸ். இவர் குளிர் மட்டும்தான் பாக்கிறார்.”

நகுலேஸ்வரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ரோல்ஸை எங்கே வைப்பது என்று கேட்டார். அவர் போனபின் பரமேஸ்வரன், ஏன் சொன்னீர், அக்கா ஊரெல்லாம் சொல்லிவிடுவாவே என்றார். சொல்லட்டும் என்றார் பியற்றிஸ். மனசு இலேசாக இருந்தது. அன்று இரட்டிப்பாகச் சோறு சாப்பிட்டார்.

டிசம்பரில் ஒரு கல்யாணத்துக்காக மரியநாயகி வந்தார். ஹெல்மரில் பியற்றிஸோடு போத்தல் கழுவி, இன்னும் அங்கேயே வேலை செய்பவர். பெட்டிக்குள் உடுப்புச் சுற்றி இரண்டு ஹெல்மர் கொண்டுவந்திருந்தார். பரமேஸ்வரன் ஒரு கிளாஸில் அதையும் மற்றதில் மூன்றாவது வாளிப் பியரையும் ஊற்றி, எது எதென்று தனக்கு மட்டும் தெரியும்படி அடியில் கோடு போட்டுக் கொண்டுவந்து வைத்தார். மரியநாயகி மணந்தார், குடித்தார், திரும்ப மணந்தார். கடைசியில் ஒன்றைக் காட்டி இதுதான் ஹெல்மர் என்றார். அது கராஜில் பிறந்தது.

பியற்றிஸ் மூக்கைக் கிட்டக் கொண்டுபோனதுமே கண்டுபிடித்துவிட்டார். “எங்கடையிலை கசப்பு கொஞ்சம் பிந்திப் போகுது. மற்றதெல்லாம் சரி,” என்றார். முகம் முழுக்கச் சிரிப்பு. அந்த வெள்ளிக்கிழமை மட்டும் இரண்டு கிளாஸ் குடித்தார்.

தை மாதம் நகுலேஸ்வரி தொலைபேசி எடுத்தார். பியர் போட்டுக் கழுவினால் தலைமயிர் நன்றாக வளருமாம், ஒரு போத்தல் தரமுடியுமா என்று கேட்டார். பரமேஸ்வரன் கொண்டுபோய்க் கொடுத்தார். இரண்டு கிழமையில் வெறும் போத்தல் கழுவித் துடைத்துத் திரும்பி வந்தது. நல்லதாம், இனி இரண்டாகத் தரச்சொன்னா என்றார் பரமேஸ்வரன். மயிரில் என்ன மாற்றம் என்று பியற்றிஸ் கேட்கவில்லை. மூன்று போத்தல் எடுத்துப் பையில் வைத்தார்.