தள்ளிப் போட்ட பறவை

குற்றாலத்தில் லாட்ஜ் நடத்துகிறவரைக் கட்டிக்கொண்டால் ஒரு கேள்வி மட்டும் காதை விட்டுப் போகாது. "தண்ணி விழுதா?" முப்பது வருஷமாக என் கணவர் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார். எப்போது வர வேண்டும், எந்த அருவியில் எந்த நேரம் கூட்டம் குறைவு, சாரல் எத்தனை நாள் நிற்கும், எல்லாம் அவருக்கு அத்துப்படி. ஊருக்கெல்லாம் சீசன் சொல்கிற அந்த மனிதர் என்னிடம் மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் தென்காசியில் ஒரு பள்ளியில் உயிரியல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். பக்கிக் குருவி என்கிற இரவுப் பறவை எனக்குப் புதிதல்ல. அச்சன்புதூர் ரோட்டில் ஸ்கூட்டரில் திரும்பும்போது, இருட்டப்போகிற நேரத்தில் மண் நிறத்தில் தரையோடு தரையாகக் கிடக்கும். விளக்கு வெளிச்சம் பட்டால் கண் இரண்டும் கங்கு போல மின்னும். ஆனால் நான் பார்க்க ஆசைப்பட்டது ஆப்பிரிக்காவில் இருக்கும் அதன் உறவுக்காரனை. இணை சேரும் காலம் வந்துவிட்டால் ஆண் பறவையின் இரண்டு சிறகிலும் ஒவ்வொரு இறகு மட்டும் வெள்ளை நாடாவாக நீளும். உடம்பைப்போல இரண்டு மடங்கு நீளம். சூரியன் விழுந்தபின் அரைமணி நேரம் அந்த நாடாக்களை இழுத்துக்கொண்டு பறக்கும். காலம் முடிந்ததும் அவை உதிர்ந்துவிடும். பிறகு அதுவும் நம் ஊர்ப் பக்கி மாதிரிதான்.

என் தம்பி ஜாம்பியாவில் ஒரு ஆலையில் வேலை பார்க்கிறான். "அக்கா, எங்க வீட்டுக்குப் பின்னால மண் ரோட்டுலயே பறக்குது. அக்டோபர்ல வா. நாற்காலி போட்டு உக்காந்தே பாக்கலாம்" என்றான்.

அதற்கு முந்தின மாதம்தான் கண் டாக்டர் சொல்லியிருந்தார். விழித்திரை கெட்டுக்கொண்டு வருகிறது, மங்கிய வெளிச்சத்தில் பார்க்கிற பார்வைதான் முதலில் போகும், எவ்வளவு நாளில் என்று சொல்ல முடியாது. பக்கத்து நாற்காலியில் என் கணவரும் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டார். அதனால் அக்டோபருக்கு டிக்கெட் போட்டேன்.

ஆவணியில் கொழுந்தனார் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. ஐப்பசியில் முகூர்த்தம். ஒரு நாள் மத்தியானம் போனில் செய்தி வந்தது: என் பயணம் ஜனவரி கடைசிக்கு மாற்றப்பட்டுவிட்டது. கேட்டால், கல்யாணமும் ஐயப்ப பக்தர்கள் சீசனும் முடியட்டுமென்று டிராவல்ஸ்காரனிடம் என் கணவரே பேசி முடித்துவிட்டாராம். தம்பி பதறிப்போய்ப் போன் செய்தான். "ஜனவரில இறகெல்லாம் உதிர்ந்திருக்குமே அக்கா!"

அதை அப்படியே இவரிடம் சொன்னேன்.

"ஒண்ணு ரெண்டு மிச்சம் இருக்கத்தான் செய்யும். பெரியம்மா இல்லாம கல்யாணம்னா ஊரு என்ன சொல்லும்?"

"என் கண்ணு?"

"ஜனவரிக்குள்ளயா கண்ணு போயிரப் போவுது? சும்மா பயப்படாத."

அருவி வற்றி நூலாய் ஒழுகும்போதும் போனில் "விழுதுங்க, வாங்க" என்று சொல்லிப் பழகின வாய். அதே குரலில் எனக்கும் சொன்னார். நானும் "சரி" என்றேன். இவர் மேல் இருக்கிற கோபத்தில் பாதி அந்தச் "சரி"யின் மேல் இருக்கிறது. வகுப்பில் நாற்பது பிள்ளைகளை ஒரு பார்வையில் அடக்கினவள் நான்.

கல்யாணத்தில் எனக்குக் கொடுத்த வேலை என்ன தெரியுமா? மண்டப வாசலில் நின்று சந்தனமும் கல்கண்டும் நீட்டுவது. பக்கத்தில் ஒரு மேஜையைப் போட்டுத் தட்டை வைத்திருந்தால் மேஜையே அதைச் செய்திருக்கும். அன்று சாயங்காலம் தம்பி ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். நான் திறக்கவில்லை.

ஜனவரி கடைசியில் போனேன். முதல் நாள் சாயங்காலமே தம்பி மண் ரோட்டுக்குக் கூட்டிப்போனான். நாற்காலியும் போட்டான். "அந்தா அக்கா, ரோட்டு நடுவுல உக்காந்திருக்கு பாரு. நாடா இல்ல. ஆனா அதுதான்."

எனக்கு ரோடே தெரியவில்லை. ஆறு நாள் போனோம். ஆறு நாளும் அவன் விரல் நீட்டினான், நான் சாம்பல் நிறத்தைப் பார்த்தேன். கிளம்புகிற அன்று காலையில் புல்லுக்குள்ளிருந்து ஒரு இறகை எடுத்து வந்து என் கையில் வைத்தான். மழையில் நனைந்து, ஓரம் கிழிந்து, அழுக்கேறிய வெள்ளை. முழங்கையில் வைத்தால் விரல் நுனியையும் தாண்டியது. பகல் வெளிச்சத்தில் அதை நன்றாகவே பார்த்தேன். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அதை அங்கேயே புல்லில் போட்டுவிட்டு வந்தேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் இவர் கேட்டார். "பாத்தியா?"

"இல்ல."

"சரி விடு, அடுத்த வருஷம் போனா போச்சு."

இப்போது விளக்கு வைக்கிற நேரமானால் சுவரைத் தொட்டுத்தான் நடக்கிறேன். அடுத்த வருஷமாம்.

இந்த ஆடி மாதம் நல்ல சாரல். லாட்ஜ் வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தேன். போன் அடித்தது. மதுரையிலிருந்து யாரோ. இவர் பேசுவது கேட்டது. "இந்த வாரம் ரூம் இல்லீங்களே அண்ணாச்சி. அம்மாவையா கூட்டிட்டு வாரீங்க? மெதுவா அடுத்த மாசக் கடைசில வாங்களேன். அருவி எங்க ஓடிரப் போவுது?"

எழுந்துபோய்ப் போனை அவர் கையிலிருந்து பிடுங்கினேன்.

"தம்பி, அடுத்த மாசக் கடைசில தண்ணி இருக்கும்னு யாரும் சொல்ல முடியாது. இப்பக் கொட்டுது. அம்மாவ இந்த வாரமே கூட்டிட்டு வாங்க. எங்க வீட்டுல தங்கிக்கிடலாம்."

போனை வைத்தேன். இவர் வாயைத் திறந்தார்.

"பேசாதீங்க" என்றேன்.