வெங்காயத் தோலும் தலைமையாசிரியையின் கன்னமும்

உயிரியல் டீச்சர் பதினோரு வருஷமாக ஒன்பதாம் வகுப்புக்குச் செல்லைப் பற்றிப் பாடம் நடத்தினார். ஒருமுறைகூடச் செல்லைப் பார்த்ததில்லை. கல்லூரியில் நாற்பது பேருக்கு ஒரே நுண்ணோக்கி. அவர் முறை வருவதற்குள் பல்பு போய்விட்டது. அதன்பிறகு எல்லாம் கரும்பலகைதான். கண்ணை மூடிக்கொண்டே செல் வரைவார், அவ்வளவு பழக்கம். இதை வெளியே சொல்லத்தான் வெட்கம்.

ஒரு புதன்கிழமை பள்ளிக்கு நான்கு புது நுண்ணோக்கிகள் வந்திறங்கின. டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை. வெங்காயத்தின் உள்தோலை உரித்து ஸ்லைடில் வைத்து, ஒரு சொட்டு அயோடின் விட்டு, மெல்லிய கண்ணாடி மூடியைப் போட்டுவிட்டுக் குனிந்தார். முதலில் தெரிந்தது அவருடைய இமைமுடி. திருகைத் திருப்பத் திருப்ப, கறுத்த விளிம்போடு அழகான வட்டம் ஒன்று வந்தது.

"இதோ! இதுதான் செல்! எல்லாரும் பாத்து வரைங்க!"

முப்பத்தாறு பிள்ளைகளும் பயபக்தியோடு வட்டம் போட்டார்கள். வாலு என்று பெயரெடுத்த பெண் மட்டும் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"டீச்சர், மூடியை லேசா அமுக்கினா உங்க செல்லு வழுக்கிட்டு ஓடுது."

ஆய்வகத்து உதவியாளர் அண்ணன் புட்டிகளைத் துடைத்தபடியே சொன்னார்: "அது காத்துக் குமிழி மேடம். மூடியைச் சாய்ச்சு இறக்கினா வராது."

டீச்சரின் முகம் சிவந்தது. அடுத்த நொடி அவருக்கே சிரிப்பு பீறிட்டது.

"உண்மையைச் சொல்லிடறேன். நானும் இன்னைக்குத்தான் முதல் தடவையா பாக்கறேன்."

புதுத் தோல், சாய்த்து இறக்கிய மூடி. குனிந்தார். "ஐயோ! செங்கல் செங்கலா அடுக்கியிருக்குடி! நடுவுல பொட்டு வேற!" அவர் துள்ளிய துள்ளலில் ஸ்டூல் கவிழ்ந்தது.

தலைமையாசிரியை ஓடிவந்தார். "என்ன மேடம், பள்ளிக்கூடமா, சந்தைக்கடையா?"

டீச்சர் அவரைக் கையைப் பிடித்து இழுத்துக் குனிய வைத்தார். கண்ணை எடுக்காமலே தலைமையாசிரியை ரகசியம்போல் கேட்டார்: "என்னோட செல்லும் இதுல தெரியுமா?"

பல்குத்தும் குச்சியின் மழுங்கிய முனையால் அவர் கன்னத்தின் உட்புறத்தை லேசாகச் சுரண்டி, நீலச் சாயம் விட்டுக் காட்டினார்கள்.

"அடேயப்பா, நான் இவ்வளவு அழகா!"

ஆய்வகம் அதிர்ந்தது. மணி அடித்தது யார் காதிலும் விழவில்லை. வகுப்பைக் காணோமே என்று தேடிவந்த கணக்கு வாத்தியாரை வாலு மடக்கினாள்: "வரிசைல வாங்க சார்!"

மாலையில் செருப்பைக்கூடக் கழற்றாமல் டீச்சர் கணவரிடம் கொட்டினார். "இன்னைக்கு எச்.எம்.மோட செல்லைப் பாத்தேங்க!"

அவர் பதறிப்போனார். "அவங்க செல்லை நீ எதுக்கும்மா நோண்டுற? வேலைக்கே உலை வெச்சுடுவ போலிருக்கே!"

விளக்கம் சொல்லத்தான் டீச்சர் வாயைத் திறந்தார். சிரிப்புதான் வந்தது.