கும்பத்துக்குள் போன ஐந்து சதம்

எண்பதுகளின் பிற்பகுதியில், ஞாயிறு காலைகளில் பூசை முடித்துப் பதிகம் ஓதிவிட்டு, தேம்ஸ் கரையோரத்து நாணயச் சந்தைக்குப் போவேன். நான் தேடியது ஒன்றைத்தான்: ஒரு புறம் மகாராணியின் தலையும் மறுபுறம் பனையும் பொறித்த, இலங்கையின் பழைய ஐந்து சதம். உள்ளங்கையை நிறைக்கும் பெரிய செப்புக் காசு. நூறாண்டுக் காற்றில் அது கறுத்துக் கபில நிறம் கொண்டிருக்கும். அதன் அழகும் மதிப்பும் அந்த நிறத்தில்தான். ஈரத்துணிகூட அதன்மேல் படக்கூடாது.

என் மகளின் மாமனார் ரெய்னர்ஸ் லேனில் இருந்தவர். என் சேகரிப்பைப் பார்த்த பிறகே தாமும் காசு சேர்க்கத் தொடங்கினார். அதை ஒருபோதும் ஒப்புக்கொண்டதில்லை. விருந்தினர் முன்னிலையில் என்னைச் 'சில்லறைக்காரர்' என்பார். அவரிடம் இல்லாத ஓர் ஆண்டின் காசு என்னிடம் இருந்தது. பலமுறை கேட்டும் நான் கொடுக்கவில்லை. கடைசியில், அது போலி என்று தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லத் தொடங்கினார்.

தொண்ணூறுகளின் நடுவில் மகளும் மருமகனும் குட்மேய்ஸில் வீடு வாங்கிக் குடிபுகுந்தார்கள். போலி என்ற பேச்சை முடித்துவிடுவதற்காக அந்தக் காசைப் பட்டுத்துணியில் சுற்றிப் புதுமனைப் பூசைக்குக் கொண்டுபோனேன். ஐயர் கும்பத்துக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்த இடத்தருகே சம்பந்தியிடம் காட்டினேன். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்.

"ஓம், அண்ணை. அசல்தான்," என்றார். காசைத் திருப்பித் தரவில்லை.

அந்நேரம் ஐயர், "கும்பத்துக்குள்ளை போட ஒரு செப்புக் காசு தாங்கோ," என்றார். மருமகன் ஒரு பென்னியை நீட்டினார்.

"அதுக்குள்ளை இரும்பு, தம்பி. இப்ப அடிக்கிறதுக்கெல்லாம் மேலை மட்டும்தான் செம்பு," என்று மகனைத் தடுத்தார் சம்பந்தி. "அண்ணையின்ரை இருக்கு. பதிகம் பாடுற மனுசன், சுவாமிக்கெண்டால் மாட்டன் எண்டு சொல்லுவாரே?"

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். மகள் என்னைப் பார்த்தாள். பொன்னையும் மண்ணையும் ஒன்றெனக் கண்ட அடியாரை நாள்தோறும் பாடும் வாய் எனது. அன்று அது திறக்கவில்லை. காசு நீரில் விழுந்த ஓசை கேட்டது.

கும்பத்தில் இட்டது ஐயருக்கு உரியது. அதை மீட்பது இறைவனிடமிருந்து பறிப்பதாகும் என்று வாளாவிருந்தேன். சம்பந்தி அப்படி இருக்கவில்லை. பூசை முடிந்ததும் ஐயருக்குப் புது வேட்டியும் சால்வையும் கொடுத்து, அந்தக் காசைப் பிரசாதமாகக் கேட்டு வாங்கிக்கொண்டார். வாசலில் அவரை மறித்தேன்.

"அது என்ரை காசு."

"சுவாமிக்குக் குடுத்ததைத் திருப்பிக் கேக்கிறதோ, அண்ணை? இதையும் உங்களுக்கு நான் சொல்லித்தர வேணுமே?"

அதன்பின் நெடுநாள் அவரோடு பேசவில்லை. சந்தையில் கண்டால் வேறு கடைக்கு நகர்ந்தேன். கோயிலில் அவர் நின்ற வரிசையில் நிற்கவில்லை. கண்மூடி ஓதும்போதும் அந்தப் பூதக்கண்ணாடியே தெரிந்தது. அக்கோபத்தை இறைவனிடம் நான் மறைக்கவில்லை. தணிக்கும்படி வேண்டவும் இல்லை.

மகளின் வற்புறுத்தலால் ஒரு தீபாவளிக்கு அவர் வீட்டுக்குப் போனேன். சுவாமி அறையில் ஒரு வெல்வெட் பெட்டியை எடுத்துத் திறந்தார். என் காசு, அன்று வாங்கிய செம்புக் குடம்போலச் சிவந்து மின்னியது. கும்பத்தில் இருந்தது சுவாமிப் பொருள் என்பதால், வெள்ளிதோறும் விளக்கோடும் பஞ்சபாத்திரத்தோடும் சேர்த்து அவர் மனைவி அதையும் பழப்புளி போட்டுத் தேய்த்திருக்கிறார். நூறாண்டு நிறம் போய்விட்டது. மகாராணியின் மூக்கு மழுங்கி, பனையோலைகள் ஒன்றோடொன்று கலந்துகிடந்தன. இனி எந்தக் கடைக்காரரும் அதைக் கையில் எடுக்கமாட்டார்.

"எப்பிடி மினுங்குது, பாத்தியளே? உங்களிட்டை இருக்கேக்கை கரிக்கட்டை மாதிரி எல்லோ கிடந்தது."

அவர் முகத்தில் ஐயத்தின் நிழலும் இல்லை. இத்தனை ஆண்டுகளில் அவர் என்னோடு போட்டியைத்தான் சேர்த்திருக்கிறார். காசைப் பற்றி எதையும் அறியவில்லை. அந்தக் கறுப்பின் பொருளை ஒரே வாக்கியத்தில் நான் சொல்லியிருக்கலாம். அவருடைய ஏனைய காசுகளாவது தப்பியிருக்கும். பூதக்கண்ணாடியை வாங்கி, காசை வெளிச்சத்தில் சாய்த்து நிதானமாகப் பார்த்தேன்.

"ஓலை இடுக்கிலை இன்னும் கொஞ்சம் கறுப்புக் கிடக்கு, தம்பி," என்றேன். "புளி காணாது போலை. வாற வெள்ளியும் தேய்க்கச் சொல்லுங்கோ. மற்றக் காசுகளையும் சேர்த்துத்தான்."

"ஓம் அண்ணை, சொல்லுறன்," என்றார்.